தாளும் படிகாரமும் தண்ணீரும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இரசாயனப் பாடநூல்களில் 'நீராற்பகுப்பு' என்னும் தலைப்பின் கீழ் இரண்டொரு பக்கங்களில் முடிந்துவிடுவது. மாணவர்கள் அதற்கென இரண்டு சமன்பாடுகளை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, பின்னர் மறந்துவிடுவது வழக்கம். மறந்துவிடத்தக்க பொருளன்று இது என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அந்த எடுத்துக்காட்டு நம் நூலகங்களின் அலமாரிகளிலேயே இருக்கிறது. நூறாண்டுக்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றைத் திறந்து ஏட்டைப் புரட்டினால், அதன் ஓரம் அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வருகிறது. பூச்சி அரிக்கவில்லை; தீ தீண்டவில்லை; மழையில் நனையவுமில்லை. அலமாரியில் வைத்தது வைத்தபடியே இருந்த நூல் அது. அதை ஒடித்தது யார்?

விடையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: தண்ணீர். ஆனால் நாம் கண்ணால் காணும் தண்ணீர் அன்று. காற்றிலிருந்து தாள் தானே உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கும் சிறிதளவு ஈரம். அந்த ஈரம் எவ்வாறு ஒரு புத்தகத்தை முறிக்க வல்லதாகிறது என்பதே என் பேச்சு.

ஒரு வேற்றுமையை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைகிறது. நீரைக் காய்ச்சி வற்றவிட்டால் அதே உப்பு மீண்டும் பாத்திரத்தின் அடியில் தங்குகிறது. இது கரைதல், இங்கே நீர் இடங்கொடுக்கிறதேயன்றிப் பொருளை மாற்றுவதில்லை. சர்க்கரையும் அவ்வாறே கரைவதுதான். ஆனால் பாகு காய்ச்சுகிறவர்கள், பாகு பூத்துப் போகாமல் இருக்கச் சில துளி எலுமிச்சைச் சாற்றைப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புளிப்பும் கொதிப்பும் சேரும்போது சர்க்கரையின் ஒரு பகுதி வெறுமனே கரைந்திருப்பதோடு நில்லாமல், இரண்டாகப் பிளவுபடுகிறது. ஒரு பாதி குளுக்கோஸ். மறுபாதி பழச்சர்க்கரையாகிய பிரக்டோஸ். இவ்விரண்டும் கலந்து நிற்பதால் சர்க்கரை எளிதில் பளிங்காக உறைவதில்லை. பாகு பூக்காமைக்குக் காரணம் இதுதான்.

இப்பிளவில் தண்ணீருக்கு என்ன பங்கு என்பதை எடைக்கணக்கு ஐயமின்றிக் காட்டுகிறது. 342 கிராம் சர்க்கரை முழுவதும் பிளவுபட்டால் 180 கிராம் குளுக்கோஸும் 180 கிராம் பிரக்டோஸும் கிடைக்கின்றன. கூட்டினால் 360 கிராம். மிகுதியாக வந்த 18 கிராம் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து. நீரின் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்து, ஹைட்ரஜன் ஒரு துண்டோடும், எஞ்சிய ஹைட்ராக்சில் என்னும் பகுதி மற்றத் துண்டோடும் ஒட்டிக்கொள்கின்றன. வெட்டிய கத்தியே இரண்டாக உடைந்து, வெட்டுண்ட இரு முனைகளிலும் தங்கிவிடுகிறது என்று சொல்லலாம். மேனாட்டார் இதற்கு 'ஹைட்ராலிஸிஸ்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் முற்பகுதிக்கு நீர் என்றும், பிற்பகுதிக்கு அவிழ்த்தல் என்றும் பொருள். அவிழ்த்தல் என்னும் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மூலப்பொருள்களை இணைத்து நின்ற முடிச்சு ஒன்று அவிழ்கிறது. மற்றபடி அவை கெடுவதில்லை.

இவ்வினை நம்மைச் சுற்றி எங்கும் நடந்துகொண்டே இருக்கிறது. சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றுகொண்டிருந்தால் இனிப்புத் தட்டுகிறதே, அது உமிழ்நீரிலுள்ள நொதி மாச்சத்தின் முடிச்சுகளை நீரைக்கொண்டு அவிழ்ப்பதன் விளைவு. எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பு உண்டாவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சலவைச் சோடாவை நீரில் கரைத்து அதில் மஞ்சள் தடவிய தாளை நனைத்தால் சிவக்கிறது. உப்பொன்று நீரோடு வினைபுரிந்து காரத்தன்மையை வெளிவிடுவதே அதற்குக் காரணம். இவற்றை எல்லாம் விரித்துரைக்க நேரமில்லை. நமக்கு இன்று வேண்டியது தாள்.

தாள் என்பது என்ன? பருத்தி, கந்தல் துணி, மரம், மூங்கில், வைக்கோல் ஆகிய எதிலிருந்து செய்தாலும், அதன் வலிமைக்கு ஆதாரமாய் இருப்பது செல்லுலோஸ் என்னும் பொருள். அது குளுக்கோஸ் அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒவ்வோர் அலகுக்கும் அடுத்த அலகுக்கும் இடையே ஓர் ஆக்ஸிஜன் அணு பாலமாய் நிற்கிறது. நாம் உண்ணும் மாச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். இணைந்திருக்கும் முறையில் மட்டும் சிறு மாற்றம். அம்மாற்றம் காரணமாகச் சோறு நமக்குச் செரிக்கிறது; வைக்கோல் செரிப்பதில்லை. மாட்டின் இரைப்பையிலும் கறையானின் குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் செல்லுலோஸின் முடிச்சையும் அவிழ்க்கவல்ல நொதிகளை ஆக்குகின்றன. ஆகவே, கறையான் நூலகத்தில் புகுந்து செய்வதும் நீராற்பகுப்பே. அது சில நாட்களில் செய்து முடிக்கிறது. நான் சொல்ல வந்த பகைவனோ பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்கிறான்.

கந்தல் துணியிலிருந்து சர்க்கரை எடுக்கலாம் என்றால் நம்புவீர்களா? 1819ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பிரக்கொன்னோ என்பவர் அதைச் செய்து காட்டினார். லினன் கந்தலைக் கந்தக அமிலத்தில் ஊறவிட்டு, பின் நீர் சேர்த்துக் கொதிக்கவைத்துச் சர்க்கரையைப் பெற்றார். அதற்கு எட்டாண்டு முன்னர், 1811இல், ரஷ்யத் தலைநகராய் இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் கிர்க்ஹாப் என்னும் இரசாயன அறிஞர், மாச்சத்தைச் சிறிதளவு கந்தக அமிலம் கலந்த நீரில் கொதிக்கவைத்து அவ்வாறே சர்க்கரையாக்கியிருந்தார். அவர் கண்ட ஒரு செய்தி நம் கதைக்கு உயிர்நாடி போன்றது. மாச்சத்து முழுவதும் சர்க்கரையான பிறகும், அவர் ஊற்றிய அமிலம் ஊற்றிய அளவிலேயே குறையாமல் இருந்தது. அமிலம் வேலை செய்தது, ஆனால் செலவாகவில்லை.

இது எங்ஙனம் கூடும்? அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனி, இரண்டு அலகுகளுக்கு நடுவே பாலமாய் நிற்கும் ஆக்ஸிஜன் அணுவின்மேல் சென்று அமர்கிறது. அமர்ந்தவுடன் பாலம் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் நீர் புகுந்து முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. முடிவில் ஹைட்ரஜன் அயனி ஒன்று விடுபட்டு அடுத்த பாலத்தைத் தேடிச் செல்கிறது. இப்படித் தான் குறையாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். விரைவை அளக்கவும் வழி பிறந்தது. சர்க்கரைக் கரைசல், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை வலப்புறமாகத் திருப்பும். பிளவுபட்ட கலவையோ இடப்புறமாகத் திருப்பும். 1850இல் ஜெர்மானியரான வில்ஹெல்மி இத்திருப்பத்தைக் கருவியால் நோக்கி, எந்த நொடியிலும் பிளவின் வேகம் அந்நொடியில் பிளவுபடாது எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு ஏற்றபடி இருக்கிறது என்று நிறுவினார். இரசாயன வினைகளின் வேகத்தை எண்களாலும் சமன்பாட்டாலும் ஆராய்ந்த முதற்பணி அது.

அமிலம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தூய நீர் மட்டும் செல்லுலோஸின் முடிச்சை அவிழ்க்க எவ்வளவு காலம் வேண்டும்? அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வுல்பெண்டன் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் இத்தகைய வினைகளை உயர்ந்த வெப்பநிலைகளில் அளந்து, அதிலிருந்து 25 டிகிரி வெப்பத்திற்குக் கணக்கிட்டனர். செல்லுலோஸில் உள்ள வகை முடிச்சுகளில் பாதி அவிழ ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பது 1998இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின் முடிவு. இதைக் கேட்டால் புத்தகங்களைப் பற்றிக் கவலை வேண்டா என்றே தோன்றும். ஆனால் ஒரு புத்தகம் ஒடிவதற்குப் பாதி முடிச்சுகள் அவிழ வேண்டியதில்லை. இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். நேயர்கள் கையில் பென்சில் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

ஆயிரம் அலகுகள் கொண்ட ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அதில் முடிச்சுகள் 999. அவற்றுள் நான்கே நான்கை அவிழ்த்துவிடுங்கள். ஐந்து துண்டுகள், ஒவ்வொன்றும் சராசரி 200 அலகு நீளம். தாளின் வலிமை சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது. சராசரி நீளம் 200 அலகுகளை எட்டிவிட்டால் தாளில் வலிமை பெரும்பாலும் இல்லை என்றே கொள்ளலாம். மின்மாற்றிகளின் செப்புக் கம்பிச் சுருள்மேல் சுற்றியிருக்கும் காப்புத் தாளைப் பொறியியலார் இந்த எண்ணை வைத்தே சோதிக்கின்றனர். புதிதில் ஆயிரத்தை ஒட்டி இருக்கும் எண் 200க்கு இறங்கினால் அத்தாளின் ஆயுள் முடிந்தது என்பது அவர்கள் கொள்கை. ஆக, ஆயிரம் முடிச்சுகளில் நான்கு போனால் போதும், தாள் போயிற்று. எஞ்சிய 995 முடிச்சுகளும் பழுதின்றி நிற்கின்றன! அந்தத் தாளை எடைபோட்டால் எடை குறைந்திருக்காது. உண்மையில் நான்கு நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்தமையால் மிக மிகச் சிறிதளவு கூடியிருக்கவேண்டும், எந்தத் தராசும் அதைக் காட்டாது என்பது வேறு. வகுப்பில் இக்கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் மாணவர் சிலர் நம்ப மறுப்பதைக் கண்டிருக்கிறேன். பொருள் கெடுவது என்றால் அதில் பெரும்பகுதி அழிந்திருக்கவேண்டும் என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறியிருக்கிறது.

ஆயிரத்தில் நான்கு என்னும் இந்த அளவை, தூய நீர் எட்டுவதற்கு வுல்பெண்டன் கணக்கின்படி எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று பார்த்தால், ஏறத்தாழ 29,000 என்று வருகிறது. கரைசலுக்குப் போட்ட கணக்கைத் தாளுக்கு அப்படியே பொருத்துவது தோராயமே. எனினும் 29,000 எங்கே, நம் அலமாரியில் உள்ள நூலின் நூறாண்டு எங்கே? இடையில் யாரோ வினையைப் பலநூறு மடங்கு முடுக்கிவிட்டிருக்கிறார்கள். அவர் யார் என்று தேடினால் சவரக்கடையிலும் குடிநீர்த் தொட்டியிலும் நாம் நன்கறிந்த ஒரு வெண்ணிறக் கட்டி நம் முன் வந்து நிற்கிறது. அதுவே படிகாரம்.

புதிதாய்ச் செய்த தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். மை ஒற்றும் தாளில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எழுத்து பரவாமல் இருக்கத் தாளுக்கு ஒரு பூச்சு வேண்டும். நம் நாட்டில் கையால் செய்த தாள்களுக்குக் கஞ்சி தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிடுவர். ஐரோப்பாவில் தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுத்த பசையில் ஒவ்வொரு தாளாக நனைத்து உலர்த்தினர். இது மெத்தக் கால விரயமான வேலை. 1807ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்பாக் என்னும் ஊரினரான மோரிட்ஸ் இல்லிக், புதுமுறை ஒன்றை விளக்கிச் சிறு நூலொன்று வெளியிட்டார். பைன் மரப் பிசினைக் காரத்தில் கரைத்துக் காகிதக் கூழிலேயே கலந்து, அதன்மேல் படிகாரக் கரைசலையும் ஊற்றினால், பிசின் இழைகளின்மேல் படிந்துவிடும். தாள் உருவாகும்போதே பூச்சும் அமைந்துவிடும். செலவு குறைவு, கைவேலை இல்லை. கூழிலிருந்து தாளை ஓயாது உருட்டித்தரும் இயந்திரங்கள் பெருகிவந்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் இம்முறை பரவியது. பின்னர்ப் படிகாரத்துக்குப் பதிலாக அதன் இனமாகிய அலுமினியம் சல்பேட்டை ஆலைக்காரர்கள் பயன்படுத்தினர். அதையும் அவர்கள் படிகாரம் என்றே வழங்கினர்.

படிகாரத் துண்டை நாவில் வைத்தால் துவர்ப்போடு புளிப்பும் தெரியும். அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? படிகாரத்தின் வாய்பாட்டைப் பார்த்தால் அதில் அமிலத்துக்குரிய ஹைட்ரஜன் ஏதும் இல்லை. அது ஓர் உப்பே. நீரில் கரைந்ததும் அலுமினியம் அயனி தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை மிக இறுகப் பற்றுகிறது. அப்பிடியின் இறுக்கத்தில் அந்நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனி கழன்று வெளியேறுகிறது. எஞ்சுவது அலுமினியம் ஹைட்ராக்ஸைடு என்னும் வழுவழுப்பான படிவு. கலங்கல் நீரில் படிகாரத்தைத் தேய்த்துவிட்டால் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் தங்குவது இப்படிவு சேற்றுத்துகள்களைப் பற்றி இழுத்துக்கொண்டு கீழிறங்குவதால்தான். நகர நீர்த்தேக்க நிலையங்களில் நாள்தோறும் நடப்பது இது. கழன்ற ஹைட்ரஜன் அயனியோ நீரில் கந்தக அமிலத்தின் தன்மையை உண்டாக்குகிறது. செம்பருத்திப் பூவின் சாற்றில் சிறிது படிகார நீரை விட்டுப்பாருங்கள், சிவப்பு மிகும்.

ஆகவே, தாளுக்குள் நடப்பது ஒரு நீராற்பகுப்பு அன்று, இரண்டு. முதலாவதில் படிகாரம் தாளின் ஈரத்தோடு வினைபுரிந்து அமிலத்தைத் தருகிறது. இரண்டாவதில் அவ்வமிலம் வினையூக்கியாய் நின்று செல்லுலோஸை அதே ஈரத்தைக்கொண்டு துண்டாக்குகிறது. துண்டாக்கியும் தான் செலவாகாமல் மறுபடி வேலைக்குத் தயாராக இருக்கிறது. இதோடும் நிற்பதில்லை. செல்லுலோஸ் சிதையும்போது புதிய கரிம அமிலங்கள் சிறிதளவு பிறக்கின்றன. அவையும் வினையை முடுக்குகின்றன. பழைய நூல் பழையதாக ஆக, மேலும் விரைவாகப் பழையதாகிறது. தாள் மஞ்சளாவதைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். மஞ்சள் நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. 1844இல் ஜெர்மானியரான கெல்லர், மரத்தை அப்படியே கல்லில் அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். அக்கூழில் தங்கிவிடும் லிக்னின் என்னும் பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பேறுகிறது. மஞ்சளாவது ஒரு நோய். ஒடிவது மற்றொரு நோய். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்து வருவதால் நாம் மயங்குகிறோம்.

இக்காலக்கணக்கைத் தமிழ் அச்சு வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஓலைச் சுவடிகளில் அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்கள் அச்சேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டார். அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தனர். ஓலையிலிருந்து தாளுக்கு நூல்கள் தப்பி வந்த அந்தப் பத்தாண்டுகளில்தான் உலகச் சந்தையில் படிகாரத் தாள் நிறைந்திருந்தது. சங்க நூல்களுக்கு இதனால் இடரில்லை. அவை மீண்டும் மீண்டும் அச்சாகிவிட்டன. என் கவலையெல்லாம் ஒரே ஒருமுறை மட்டும் அச்சான நூல்களைப் பற்றியது. காலணா, அரையணாவுக்குத் தெருவில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், நாடக விளம்பரங்கள், நான்கே இதழ்களோடு நின்றுபோன பத்திரிகைகள், யாரும் மறுபதிப்பு வெளியிட நினையாத நாவல்கள் ஆகியவை அனைத்தும் மிக மலிவான தாளில் அச்சாயின. ஒரு காலத்து மக்கள் எப்படிப் பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதை அறிய அவற்றைவிட நல்ல சான்று இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் இத்தகைய நூல்களையும் துண்டுத் தாள்களையும் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுதியைக் கொண்டு சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்கே நூல்களைக் காப்பதோடு, அவற்றை நுண்படச் சுருளில் படமெடுக்கும் பணியும் நடந்தது. அச்சுருளைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

தாளைக் கொல்வது பெரும்பாலும் அதன் அமிலமே என்று ஐயந்திரிபற நாட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ரிச்மாண்ட் நகரில் பணியாற்றிய வில்லியம் பாரோ. இவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர். பழைய ஆவணங்களைச் செப்பனிடும் கைவினைஞர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சான ஐந்நூறு நூல்களின் தாளைச் சோதித்து, பெரும்பான்மையானவை நீண்டநாள் தாங்கா என்று 1959இல் அறிவித்தார். நூறாண்டு காத்திருக்க முடியாதாகையால் அவர் தாளை 100 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, அது சுமார் 25 ஆண்டு முதுமைக்கு நிகர் என்று கொண்டார். பின்வந்தோர் இச்சமன்பாட்டைக் குறை கூறியதுண்டு. குறை நியாயமானதே, ஆனால் அவர் கண்ட திசை தவறவில்லை. அவர் சொன்ன மருந்தோ நமக்கு வீட்டுப் பொருள்: சுண்ணாம்பு. தாளைச் சுண்ணாம்புத் தெளிவுநீரில் தோய்த்து அமிலத்தை முறித்து, அடுத்து கால்சியம் பைகார்பனேட்டுக் கரைசலில் தோய்த்தால், உலரும்போது இழைகளுக்கிடையே நுண்ணிய சுண்ணக்கட்டித் துகள் தங்கிவிடும். இனிப் பிறக்கும் அமிலத்தை அத்துகள் அவ்வப்போது விழுங்கிக்கொள்ளும். அவிழ்ந்துபோன முடிச்சுகளை மீண்டும் கட்ட இம்மருந்தால் இயலாது. மேற்கொண்டு அவிழாமல் தடுக்க முடியும், அவ்வளவே.

ஆனால் கட்டடத்தைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் தோய்ப்பது லட்சக்கணக்கான நூல்களுக்கு ஆகிற காரியமா? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் முழு நூல்களையே ஒருசேரக் காக்க எண்ணி, டை-எத்தில் துத்தநாகம் என்னும் பொருளின் ஆவியை நாடினர். காற்று நீக்கிய அறையில் நூல்களை அடுக்கி இவ்வாவியைச் செலுத்தினால், அது தாளுக்குள் புகுந்து அமிலத்தை முறிக்கும். தாளிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, ஈத்தேன் வாயுவாய் ஒரு பகுதி போக, துத்தநாக ஆக்ஸைடாய் மறுபகுதி தங்கும். நீராற்பகுப்பைத் தடுக்க இன்னொரு நீராற்பகுப்பையே ஏவிவிட்ட அழகிய திட்டம் இது! ஆயின், இப்பொருள் நீரைத் துளியாகக் கண்டாலும் மூர்க்கமாய் வினைபுரிவது. காற்றுப்பட்டால் தானே தீப்பற்றுவது. மேரிலாண்டில் உள்ள காடர்டு விண்வெளி நிலையத்தில் அமைத்த சோதனைக் கூடத்தில் 1985 டிசம்பரில் தீ விபத்து நேர்ந்தது. 1986 பிப்ரவரியில் மறுபடியும் இடர் ஏற்பட்டு அக்கூடமே கைவிடப்பட்டது. பின்னர் அம்முறையும் வழக்கொழிந்தது. மக்னீஷியம் ஆக்ஸைடின் நுண்துகளை நீரில்லாத திரவத்தில் மிதக்கவிட்டு நூல்களில் ஏற்றும் சாதுவான முறை அதன் இடத்தைப் பிடித்தது.

புதிய நூல்களின் நிலை நன்று. 1980களிலிருந்து ஆலைகள் பலவும் படிகாரத்தைக் கைவிட்டு, சுண்ணத்தையே நிரப்பியாகக் கொண்ட காரத் தாளைச் செய்யத் தலைப்பட்டன. பெரும்பாலும் சிக்கனமே அதற்குக் காரணமாயிருந்தது. சுண்ணத்துகள் மரக்கூழைவிட மலிவு. நூலகங்களின் முறையீடும் ஓரளவு துணைசெய்தது. 1994இல் வந்த உலகத் தர விதி ஒன்று, நிலைத்த தாள் எனப்படுவதில் 2 விழுக்காடு சுண்ணத்துக்கு நிகரான காரச் சேமிப்பு இருக்கவேண்டும் என்கிறது.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் இவ்வழக்கில் வலிய சாட்சிகள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரு மடங்காகும் என்பது பொதுக்கணக்கு. செல்லுலோஸ் முறிவதில் அது இரு மடங்கையும் தாண்டும். குளிர்நாட்டு நூலகத்தில் நூறாண்டு தாங்கும் தாள் கடற்கரை நகரமொன்றில் அவ்வளவு தாங்காதது இதனால்தான். இதற்குச் சான்றான ஒரு நிகழ்ச்சி திரைப்படச் சுருள்களின் வரலாற்றிலும் உண்டு. எளிதில் தீப்பற்றும் பழைய சுருளுக்கு மாற்றாக 1948இல் செல்லுலோஸ் ட்ரை-அசிட்டேட்டாலான சுருள் வந்தது. செல்லுலோஸோடு அசிட்டிக் அமிலத்தை இணைத்துச் செய்த பொருள் அது. அதிலுள்ள முடிச்சையும் ஈரம் அவிழ்க்கும். அவிழ்த்தால் அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு வெளிப்படும். அப்புளிப்பே மேலும் அவிழ்ப்பை முடுக்கும். சுருள் சுருங்கி, நெளிந்து, படலம் உரியும். பெட்டியைத் திறந்தால் காடி நாற்றம் மூக்கைத் துளைக்கும். அச்சுருள் வந்த பத்தாண்டுக்குள்ளாகவே இக்கேடு குறித்து அதைச் செய்த நிறுவனத்துக்கு முதல் முறையீடு சென்றது. அனுப்பியது இந்திய அரசு. வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் வைத்திருந்த சுருள்கள் அவை. மற்ற நாடுகள் பின்னர் மெல்ல உணர்ந்ததை நம் தட்பவெப்பம் முன்னரே காட்டிவிட்டது.

நூல்களைக் காக்க எடுத்த நுண்படச் சுருள்களுக்கும் இதுவே நிலை. அசிட்டேட் சுருளில் படமெடுத்துவிட்டு மூல நூலைப் புறக்கணித்த இடங்களில், ஓர் ஈரத்திலிருந்து தப்பித்து மற்றோர் ஈரத்தில் விழுந்த கதையாயிற்று. இக்காலத்தில் நிலையான படிவங்களுக்குப் பாலியெஸ்டர் சுருளைக் கொள்கின்றனர். பெயரிலேயே எஸ்டர் இருப்பதால் அதற்கும் நீரால் அவிழும் முடிச்சு உண்டு. ஆயினும் வேகம் மிகக் குறைவு. தக்க குளிர்ச்சியிலும் வறட்சியிலும் வைத்தால் 500 ஆண்டு தாங்கும் என மதிப்பிடுகின்றனர். பழைய அசிட்டேட் சுருள்களைக் காப்போர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சாயம் ஏற்றிய சிறு துண்டு ஒன்றை வைக்கின்றனர். அது நீல நிறத்தில் இருக்கும். சுருளிலிருந்து அமிலம் கசியத் தொடங்கினால் பச்சையாகும், மிகுந்தால் மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டால் அச்சுருளை உடனே வேறு சுருளுக்குப் படியெடுத்தாக வேண்டும். அந்த எச்சரிக்கைத் துண்டைச் செய்திருப்பதும் தாளால்தான்.